கொடித் தையல்

இரு நாடுகளின் முதல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், இரு கரைகளுக்கும் நடுவே இருந்த கடல் கால் பங்கு சுருங்கிப்போயிருந்தது. அன்று வெங்காய விலையும் இறங்கியதால் ஊரார் வெங்காயத்தைப் பற்றியே பேசினார்கள். கடலைக் கவனித்தவள் கொடித் தையல்காரி ஒருத்திதான். கையெழுத்து மேசையில் வைத்த இரண்டு நாட்டுக் கொடிகளும் அவள் தைத்தவை. அதோடு, அவள் புருஷன் அக்கரையில் இருந்தான். இக்கரையின் வர்த்தக அலுவலகத்துக்கு அங்கே கார் ஓட்டப் போனவன். போகும்போது பச்சைக் கரை வைத்த போர்வை ஒன்றைத் தைத்துக் கொடுத்திருந்தாள். எப்போது வருவாய் என்று போனில் கேட்டால், "கடலென்ன வாய்க்காலா, தாண்டி வர?" என்பான்.

அவள் சண்டை போடவில்லை, தைத்தாள். மீனுக்கு ஒப்பந்தம், கம்பளிக்கு ஒப்பந்தம், மின்சாரத்துக்கு ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் கொடி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். "புருஷனை ஊசியில கோத்து இழுக்கிறியாடி?" என்று பக்கத்துக் கடைக்காரி கேலி செய்தாள். "நூல் தீர்ற வரைக்கும் இழுப்பேன்க்கா" என்று இவளும் சிரித்தாள். வருஷங்கள் போகப் போக அக்கரையின் விளக்குகள் தெரிந்தன, பிறகு புகைபோக்கிகள், பிறகு குடைகளின் நிறம். கப்பல் ஓட்டியவர்கள் துடுப்புக்கு மாறினார்கள்.

சுங்கவரியை நீக்கிய ஒப்பந்தத்துக்கு மறுநாள் கடல் வாய்க்காலாகவே கிடந்தது. அக்கரை மாடி ஒன்றில் அவளுடைய பச்சைக் கரைப் போர்வை ஜன்னல் திரையாகத் தொங்கியது. அதை விலக்கி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பின்னால் அவன், தோளில் குழந்தை.

"ஏங்க, வாய்க்கால்தான். இப்ப தாண்டலாமே?"

"யாருங்க அது?" என்றாள் அந்தப் பெண்.

"தெரிஞ்சவங்க. கொடி தைக்கிறவங்க" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டான்.

அதே வாரம் அரசாங்கமும் கையை விரித்தது. "கொடி இனிமே அங்கேருந்து பாதி விலைக்கு வருதும்மா" என்றார் அதிகாரி.

"யார் சார் உள்ளே விட்டது?"

"ஒப்பந்தம்தான். நீங்க கொடி தைச்சீங்களே, அதேதான்."

பாதி விலைக்கு வந்தது கொடி மட்டுமல்ல. இக்கரையின் கம்பளி ஆலைகள் மூடின. அக்கரையின் மீன்சந்தை படுத்தது. நீதான் ஏமாற்றினாய் என்று இரு அரசுகளும் மாறி மாறிச் சொல்லி எல்லா ஒப்பந்தங்களையும் கிழித்துப்போட்டன. வர்த்தக அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. கடல் மட்டும் அசையவில்லை. பழைய கொடிகளைச் சாக்கில் கட்டி, "கரித்துணிக்கு ஆகும், வச்சுக்கங்க" என்று அரசாங்க ஆட்கள் அவள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் கரையில் உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். முதல் கொடியின் ஓரம் பிரிந்ததும் வாய்க்கால் ஆற்றளவு அகன்றது. வேலை போன புருஷன் பெட்டியும் கையுமாக எதிர்க்கரைப் படிக்கு ஓடிவந்தான். மாடியில் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் கையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து! இதோ வந்துடறேன்!"

அவள் அடுத்த கொடியை எடுத்து மடியில் போட்டாள்.

"கடலென்ன வாய்க்காலா, தாண்டி வர?"

இரட்டைத் தையல் என்பதால் பிரிக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று. உருவிய நூலைக் கண்டாகச் சுற்றி வைத்துக்கொண்டாள். தலையணை உறை தைக்க உதவும். மறுநாள் வெங்காயம் விலை ஏறியிருந்தது. ஊரில் அதுதான் பேச்சு.