மூன்றாம் மேஜைப் பகையாளிகள்

சலவைக் கூடத்தின் மூன்றாம் மேஜையில் மடிப்பக்காவும் கொக்கும் பதினோரு வருஷமாகச் சேர்ந்து விரிப்பு மடித்தார்கள். அந்த வெளிநாட்டு நகரத்து ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, தேய்த்து அனுப்புகிற இடம் அது. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஓர் உதறு உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும்.

கொக்கு கறுப்பினத்துக்காரி, ஆறடி உயரம். "கறுப்பா இருக்கிறவளுக்குக் கொக்குன்னா பேரு வைப்பாங்க?" என்று யாராவது கேட்டால், "நெறத்துக்கா வெச்சேன்? காலுக்கு வெச்சேன்" என்பாள் மடிப்பக்கா. கொக்கு நாலு வயது மூத்தவள். ஆனாலும் இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அப்போது அங்கே இருந்த தமிழ்ப் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் பெயர் என்று முதல் நாள் நினைத்துவிட்டாள். பிறகு விஷயம் தெரிந்தும் விடவில்லை, இவளுக்கு எரிச்சல் வருகிறதே என்பதற்காகவே. எதிரே நின்று நின்று தமிழும் ஒட்டிக்கொண்டது. என்ன, மடிப்பக்கா பேசுவதில் முக்கால்வாசி திட்டு. கொக்கின் தமிழும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

இரண்டு வருஷமாக மடிப்பக்காவின் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. இது தெரிந்த ஒரே ஆள் கொக்கு. தெரிந்த நாளிலிருந்து தூக்குகிற வேலை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உதறுவது அவள், நடந்து வந்து முனைகளை வாங்குவதும் அவள். மடிப்பக்கா இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிந்தால் தீர்ந்தது. முழங்கால் போன இஸ்திரிக்காரிக்குப் பூங்கொத்துக் கொடுத்து, கைதட்டி, அன்று மாலையே நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்த நிர்வாகம் இது. மடிப்பக்காவின் மகள் நர்ஸ் படிப்பை முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. வீட்டுக்காரரோ வேலையை விட்ட நாளிலிருந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் ஒற்றுமை வந்து சேர்ந்தது.

மேலிடம் அனுப்பிய குழுவில் நாலு பேர். இனங்களுக்கிடையே நட்பை வளர்ப்பது அவர்கள் வேலை. நாலு பேரும் ஒரே இனம், ஒரே தெரு, முடிவெட்டிக்கொள்ளும் கடைகூட ஒன்றுதான் போலிருந்தது. அவர்களில் மூத்தவர் ஒற்றுமை அதிகாரி. இந்தக் கூடத்தில் வேறு இனத்து ஆளோடு நட்பாக இருப்பவர் யாராவது உண்டா என்று அவர் கேட்க, மேஸ்திரி மூன்றாம் மேஜையைக் கைகாட்டினார். பிடித்தது சனி.

இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கையைக் கோத்துக்கொள்ளச் சொன்னார்கள். பதினோரு வருஷத்தில் இருவரும் கை கோத்ததே இல்லை, அதற்கு நேரம் ஏது? மறுவாரம் சுவரில் ஆளுயரப் போஸ்டர் ஏறியது. அதில் இருவரும் பல் வலிக்காரர்களைப் போலச் சிரித்தார்கள். கீழே ‘நிறம் பல, நெஞ்சம் ஒன்று’ என்று எழுதியிருந்தது.

போஸ்டர் ஒட்டிய கையோடு அதிகாரி இருவரையும் கூப்பிட்டார்.

"உங்க நட்பு முழுமை அடைஞ்சிடுச்சு. ரொம்ப சந்தோஷம். அதனால திங்கக்கிழமையிலேர்ந்து உங்களைப் பிரிக்கிறோம்."

"என்னத்துக்கு?" என்றாள் மடிப்பக்கா.

"நட்பா இருக்கிறவங்க சேர்ந்து நின்னு என்ன பிரயோஜனம்? ஆளுக்கொரு புது இனத்தோட நின்னு நட்பைப் பரப்புங்க. வெள்ளிக்கிழமை கம்பெனித் தலைவர் பார்க்க வர்றார்."

சுவரில் அட்டவணையும் தொங்கியது. இன்னாரோடு இன்னார் என்று கலர் கலராகப் புள்ளி குத்தியிருந்தார்கள். மடிப்பக்காவுக்கு வாய்த்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். தங்கமான குணம், அதுதான் தொல்லையாகப் போயிற்று. திங்கட்கிழமை முதல் விரிப்பிலேயே அவள் தன் பக்கத்தைத் தூக்க, மடிப்பக்காவின் பக்கம் ஈரத்தரையில் புரண்டது. இரண்டாவதும் புரண்டது. பத்தாவது விரிப்பில் அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள்.

"உங்களால கையைத் தூக்கவே முடியலையே! நாளைக்குக் காலையில முதல் வேலையா மேஸ்திரிகிட்ட சொல்லி உங்களுக்கு ஓய்வு வாங்கித் தர்றேன்."

வேண்டாம் என்று மடிப்பக்கா எவ்வளவு சொல்லியும் அந்தக் கருணைக் கடல் கேட்பதாக இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கொதிகலன் அறைக்குப் பின்னால் கொக்கிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். கொக்கு வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, "அக்கா, உனக்கு மூளை வாடகைக்குப் போயிருக்கா? அட்டவணைக்கு அடியில படிக்கலையா?" என்றாள்.

"என்ன போட்டிருக்கு?"

"‘பகையுள்ள இணைகளுக்கு முன்னுரிமை. நட்பு மலரும்வரை அவர்களைப் பிரிக்கக் கூடாது.’ நமக்கு வேண்டியது பகை. சண்டை போடுவோம்."

"நம்ம தெனமும் போடுறதுதானேடி?"

"அது சும்மா சண்டை. இது இனச் சண்டை. அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

ஒத்திகை பார்த்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அதனால் கூடத்தின் பொது மொழியிலேயே திட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. உங்கள் இனமே கஞ்சத்தனம் என்பாள் கொக்கு. உங்கள் இனமே சோம்பேறித்தனம் என்பாள் மடிப்பக்கா. சொல்லிப் பார்க்கும்போதே கொக்குக்குச் சிரிப்புப் புரையேறியது.

மறுநாள் காலை, மேஸ்திரி தன் இடத்துக்கு வருவதற்கு முன்பே, அதிகாரியின் காது கேட்க, போஸ்டருக்குக் கீழேயே ஆரம்பித்தார்கள். கஞ்சத்தனம் வந்தது. சோம்பேறித்தனம் வந்தது. கூடமே வேலையை விட்டுவிட்டுத் திரும்பியது. சபை கூடிய உற்சாகத்தில் மடிப்பக்காவின் நாக்கு ஒத்திகையைத் தாண்டி ஓடியது. தமிழில் ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதாமலே உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் கூசாமல் புழங்குகிற வார்த்தைதான்.

கூட்டத்தில் அது புரிந்தது ஒருத்திக்கு மட்டும். கொக்கு அடுத்த வசனத்தை மறந்து நின்றாள்.

அதிகாரிக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் அலறல் புரிந்தது. போஸ்டரில் இருக்கிற இரண்டு பேரும் அடித்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை தலைவருக்கு யார் பதில் சொல்வது? பதறியடித்துக்கொண்டு புள்ளிகளைப் பிடுங்கி மாற்றிக் குத்தினார். "இந்த ரெண்டு பேரையும் உடனே ஒண்ணா நிறுத்துங்க! மனசு மாறுற வரைக்கும் பிரிக்கவே கூடாது!"

அரைமணி நேரத்தில் மூன்றாம் மேஜை திரும்பக் கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண் புது மேஜையின் பரபரப்பில் கை விஷயத்தையே மறந்துபோனாள். மடிப்பக்கா வெற்றிக் களிப்போடு விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். கொக்கு மறுபக்கத்தைப் பிடித்தாள், ஆனால் தூக்கவில்லை.

"அந்த வார்த்தை ஒத்திகையில இல்லையே அக்கா."

"வாய் தவறிடுச்சுடி."

"தவறல. தயாரா இருந்துச்சு. எங்கேருந்து வந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தாள். அந்த முகத்துக்கு முன்னால் வரவில்லை. "வீட்டிலேர்ந்து. டிவில உங்க ஆளுங்க வந்தா அவரு சொல்லுவாரு."

"அப்ப நீ என்ன செய்வே?"

மடிப்பக்கா விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிரிப்பேன்."

கொக்கு மெதுவாக, திட்டு எதுவும் கலக்காத தமிழில் பேசினாள்.

"உன் கை போனதிலேர்ந்து உன் பையைத் தூக்கிக்கிட்டு உன் வாசல் வரைக்கும் வர்றேன். அதுக்கு முன்னாடியும் வந்திருக்கேன். ஒரு தடவை உள்ள வான்னு சொன்னியா? கேட்டா வீடு கூட்டலைன்னே. பதினோரு வருஷமாவா ஒரு வீட்டைக் கூட்டாம வெச்சிருப்பாங்க?"

மடிப்பக்காவுக்கு அவமானத்தில் காது சுட்டது. தலைக்கு மேல் போஸ்டரில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கிழித்துப் போட்டால் தேவலை என்றிருந்தது, அதற்கும் கை எட்டாது.

அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு இவர்களை நோக்கி வந்தார். அவர் பார்வை தளர்ந்து தொங்கிய விரிப்பில் விழுந்த அந்த நொடியில், கொக்கு இரண்டு கையையும் உயர்த்தி ஓர் உதறு உதறினாள். விரிப்பு முழுசாக எழும்பியது. நாலு எட்டில் வந்து, இவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், முனைகளை வாங்கிக்கொண்டாள். இத்தனைக்குப் பிறகும் தூக்கினாளே என்று நினைத்தாள் மடிப்பக்கா. அழுதால் காரியம் கெட்டுவிடும். அதனால் கத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து தொலைடி! உள்ள வந்து நடுக்கூடத்துல உட்காரு! என் தட்டுல சாப்பிடு! அவரு வாயைத் தொறந்தா நான் பார்த்துக்கறேன்!"

அதிகாரி இரண்டடி பின்வாங்கி எழுதிக்கொண்டார். ‘பகை தணியவில்லை. இந்த இணையைக் காலவரையின்றி நீட்டிக்கவும்.’

கொக்கு அடுத்த விரிப்பை இழுத்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ‘அக்கா’வை விட்டுவிட்டு, அவளும் கூடம் அதிரக் கத்தினாள்.

"வரேன்டி! முதல்ல வீட்டைக் கூட்டி வை!"