பதினோரு டின் மோட்டார் சைக்கிள்

இருபத்தாறு வருடம் ஒரே அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் தூசி தட்டியவருக்கு என்ன ஆசை வரும், சொல்லுங்கள் கண்ணுகளா. ஜன்னலோர நாற்காலி, கொஞ்சம் காற்று, அவ்வளவுதானே என்பீர்கள். எங்கள் தெரு ஃபைல்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. ஓடுகிற வண்டி என்றால்கூடப் பரவாயில்லை. ஓடாத ஒன்றை வாங்கித் தன் கையாலேயே ஓட வைக்க வேண்டுமாம். அதுவரை அந்தக் கை கழற்றியது பேனா மூடி மட்டும்.

பழைய இரும்புக் கடைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். "இன்ஜின் சாகல சார், தூங்குது" என்றார். எல்லா வண்டிக்கும் அவர் அதைத்தான் சொல்வார்.

ஃபைல்காரரின் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். பள்ளி திறக்கும் முன் அறுபது உருப்படி போய்ச் சேர வேண்டும். இரண்டு மூட்டை, இரண்டு பஸ். போன வருடம் ஒரு மூட்டை அவளை விட்டுவிட்டு பஸ்ஸோடு போய்விட்டது. திரும்பி வர மூன்று நாள் ஆயிற்று. இந்த வருடமும் திங்கட்கிழமை பத்து மணி தாண்டினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"இனிமே பஸ்ஸே கிடையாது. நீயும் மூட்டையும் பின்னாடி ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார் ஃபைல்காரர்.

அவளும் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் முன்னறையையும் துணி வெட்டும் மேசையில் பாதியையும் கொடுத்தாள். அவர் தையல் மெஷினை ஓரமாக நகர்த்தினார். அதற்காக அதன் காலைக் கழற்றி மாட்டியதும் அவரேதான். அன்றிலிருந்து மெஷின் ஆடியது. ஒரு பக்கம் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துத் தைத்தாள்.

வண்டியைப் பிரிப்பதற்கு நான்கு நாள். இதைப் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள். ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்தார், ஸ்கேல் வைத்து அளந்தார், நீளவாரியாகப் பிரித்துப் பதினோரு பிஸ்கட் டின்களில் போட்டார். டின்னுக்கு எண், எண்ணுக்கு ரெஜிஸ்டர். எந்த போல்ட் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்பதை மட்டும் எங்கும் எழுதவில்லை. ரெக்கார்டு ரூமில் ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து வந்தது என்று யார் கேட்டார்கள்? எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பதுதானே கேள்வி.

இன்ஜின் இப்படிப் பதினோரு டின்னில் தூங்கிக்கொண்டிருக்க, அவர் அழகுபடுத்தப் போனார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து டேங்குக்குக் கறுப்பு அடித்தார். மட்கார்டைக் கழற்றி எறிந்தார். ஒரு மத்தியானம் ரம்பம் எடுத்துப் பின்பக்கச் சட்டத்தையும் சீட்டில் பாதியையும் அறுத்துத் தள்ளிவிட்டு, வண்டி இப்போதுதான் வண்டி மாதிரி இருக்கிறது என்று ரசித்தபடி நின்றார்.

தண்ணீர் கொண்டு வந்தவள் சொம்போடு நின்றுவிட்டாள்.

"நான் எங்க உட்கார்றது?"

அவர் வண்டியைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தார். "இதுல எல்லாரும் தனியாத்தான் போறாங்க" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஞாயிறு வர அன்றைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் அவர் இன்ஜினின் பக்கத்து மூடியை மாட்டினார், கழற்றினார், மாட்டினார். ஒரு போல்ட் பாதியில் நின்றது, இன்னொன்று உள்ளேயே தொளதொளத்தது. ரெஜிஸ்டரைப் புரட்டினார். அதில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி உருப்படிக்குப் பட்டன் வைத்து முடித்துவிட்டு அவள் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க. ஒரு சட்டையைப் பிரிச்சா, கையெல்லாம் ஒரு குவியல், காலரெல்லாம் ஒரு குவியல்னா போடுவேன்? இந்தக் கை எந்தத் தோள்ல இருந்துச்சுன்னு சாக்பீஸ்ல குறி போட்டுட்டுத்தான் நூலையே அறுப்பேன்."

மூடியைப் பொருத்தி, முறுக்காமல் சும்மா ஓட்டைகளில் போல்ட்டுகளை நிற்க வைத்தாள். சட்டையின் கீழ் மடிப்பைச் சரிபார்ப்பது போலக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். அந்தந்த ஓட்டைக்குரிய போல்ட் என்றால் எல்லாத் தலையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். துருத்தி நின்றதை எடுத்தாள், அமுங்கிப் போனதை எடுத்தாள், மாற்றி வைத்தாள். அவர் டின் எண் சொல்லி எடுத்துக் கொடுத்தார். இருபத்தாறு வருட அனுபவம் அங்கேதான் உதவியது. மற்ற பாகங்களுக்கும் இதே வேலைதான், சாயங்காலம் வண்டி முழுசாக நின்றது. ஏழாவது உதைக்கு இருமியது, எட்டாவதற்கு உறுமியது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

திங்கள் காலை ஃபைல்காரர் ஹெல்மெட், கையுறை சகிதம் தயாராக வந்தார். அவள் மழைக்கோட்டுத் துணியில் இரண்டு பை தைத்து, அறுத்தது போக மிச்சமிருந்த சட்டத்தின் இருபுறமும் கட்டியிருந்தாள். அறுபது உருப்படியும் அதற்குள். சீட் ஒன்றுதான்.

"லைசென்ஸ் இருக்கா உங்ககிட்ட?" என்றாள்.

விண்ணப்பம் ஃபைலில் இருப்பதாகச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் ஒரு துணிக்கடைக்கு மோட்டார் சைக்கிளில் சரக்குக் கொண்டுபோய்ப் போட்டவள் அவள், லைசென்ஸும் அப்போதே எடுத்தது. அவருக்கும் தெரியும், ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் தோன்றவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து ஒரே உதை. தெருமுனையில் திரும்பியதுதான் தெரியும்.

உள்ளே வந்தவர் டின்களை எடுத்து வைக்கப் போனார். ஒன்பதாம் எண் டின்னில் மூன்று போல்ட் மிச்சம்.

டின்னைத் தூக்கிக்கொண்டு ஹெல்மெட்டோடு தெருமுனைவரை ஓடினார். வண்டியும் இல்லை, புகையும் இல்லை. அவள் போன் வீட்டு மேசையில் இருந்தது. திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். கடிகாரத்தில் ஒன்பதரை, பத்து, பத்தரை. மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் இருந்தார்.

பதினொன்றுக்கு அந்த உறுமல் கேட்டது.

"எடுத்துக்கிட்டாங்க. இனிமே வருஷா வருஷம் நம்மதான்" என்று இறங்கினாள். அவர் டின்னை நீட்டினார். எட்டிப் பார்த்தாள்.

"இதுவா? என் மெஷின் காலோடது. ரெண்டு வாரமா அட்டை வெச்சுத் தெச்சிக்கிட்டிருக்கேன், நீங்க நீளம் பார்த்து ஃபைல் பண்ணி வெச்சிருக்கீங்க."

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் மெஷினுக்கு அடியில் புகுந்தார். மூன்றும் மூன்று ஓட்டைக்கும் சரியாகப் பொருந்தின. அங்கிருந்தபடியே, அந்தச் சீட்டை மறுபடி நீளமாக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள்.

"வெளியே வாங்க. பின்னாடி உட்கார்றவரோட அளவு வேணும்ல."