உடைந்த பிஸ்கட்

"கையை எடுத்துட்டு எழுந்திருங்க ஐயா," என்றாள் பிசியோதெரபி பெண்.

நாற்காலியை இறுகப் பிடித்திருந்த கைகளை அவர் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார். ஒரு முறை எழுந்தார். இரண்டாவது முறை பாதி வரை வந்து, தொப்பென்று விழுந்தார். சிமெண்ட் கிடங்கில் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை தூக்கி 'கிரேன்' என்று பெயர் வாங்கியவர். அந்தத் தொடைகள் இப்போது கால்சட்டைக்குள் இருக்கும் இடமே தெரியவில்லை.

சுவரோரம் நின்ற அவருடைய மனைவி அவர் எழுவதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வர ஆசைப்பட்டிருந்தாள். ஐந்து முறை கை ஊன்றாமல் எழுந்தால் அவரைத் தனியாக விட்டுப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அக்கா, இந்தத் தடவையும் ஏதாவது கதை சொன்னே, அப்புறம் நான் கூப்பிடவே மாட்டேன்," என்று தங்கை போனிலேயே மிரட்டியிருந்தாள்.

"என்னம்மா சாப்பிடுறார்?"

"பிஸ்கட், கேக்கு, பாக்கெட்ல வர்ற வறுவல், கலர் சோடா..."

"எத்தனை வருஷமா?"

"நான் பிஸ்கட் கம்பெனியில பேக்கிங்ல சேர்ந்ததுலேருந்து. இருபத்தாறு வருஷம் இருக்கும்."

கம்பெனியில் சனிக்கிழமை தோறும் உடைந்த பிஸ்கட்டையெல்லாம் பையில் அள்ளித் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் ஓய்வு பெற்ற பிறகும் காசு கொடுத்து வாங்கினாள்.

பிசியோதெரபி பெண் பெருமூச்சு விட்டாள். "இதே சாப்பாடு வருஷக்கணக்கா உள்ளே போனா, உடம்புக்குள்ள அழற்சி அணையாம புகைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. வெளியில ஒண்ணும் தெரியாது. வயசானவங்களுக்கு அது சதையைக் கரைச்சிடும். வயசும், இப்படி உட்கார்ந்தே கிடக்கிறதும் சேர்ந்துக்கும். இனிமே முட்டை, பருப்பு, காய்கறின்னு கொடுங்க. தினமும் இந்தப் பயிற்சி. ரெண்டு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

"கேட்டியா? ஊட்டி ஊட்டியே என்னை முடிச்சுட்டே," என்றார் அவர்.

பேக்கிங் பெண்கள் அந்தக் காலத்தில் அவளிடம், "உன் வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர்டி, ஒரு துண்டுகூட நீ வாயில போடாம கொண்டுபோறியே," என்பார்கள். பாசம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். முதல் சனிக்கிழமை நடந்தது அவளுக்குத்தான் தெரியும். உப்பு குறைந்ததற்காகத் தட்டை எறிந்துவிட்டு அவர் கத்திக்கொண்டிருந்தார். பயத்தில் அவள் கையிலிருந்த பையை நீட்டினாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். சத்தம் நின்றது. மெல்லுகிற மனிதனால் கத்த முடியாது என்பதை அவள் அன்று கண்டுகொண்டாள். அதன் பிறகு குரல் உயரும்போதெல்லாம் டப்பா திறந்தது. ஒருநாள் அடிக்க ஓங்கிய அவர் கை வலுவில்லாமல் பாதியிலேயே தளர்ந்து இறங்கியதையும் பார்த்தாள். அப்போது உள்ளுக்குள் குளிர்ந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிசியோதெரபி பெண் போனதும் பிஸ்கட் டப்பா பீரோவின் உச்சிக்குப் போனது. "இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று அவித்த முட்டையைத் தள்ளிவிட்டார். குனிந்து எடுத்தாள், கழுவி மறுபடி வைத்தாள். நாற்காலிக்கு எதிரே நின்று, "ம், இன்னொரு தடவை," என்று எண்ணினாள். மூன்றாவது வாரம் மூன்று முறை எழுந்தார். ஆறாவது வாரம் நான்கு. தொடைகளில் பிடிப்பு வர வர, குரலும் பழையபடி கனத்தது. இந்தக் குரலுக்கும் சேர்த்துத்தான் தினமும் முட்டை அவிக்கிறோம் என்று அடுப்பருகே நின்று நினைத்துக்கொள்வாள். ஆனாலும் அவித்தாள்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஐந்து முறையும் எழுந்துவிட்டார். பிசியோதெரபி பெண் கைதட்டிவிட்டுப் போனாள். வாசலில் பை தயாராக இருந்தது. நெஞ்சு லேசாகி, அவர் விட்டெழுந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

"அதான் நான் நல்லாயிட்டேனே," என்றார். "இனி எதுக்கு ஊர் சுத்தப் போறே? பையை உள்ளே வை."

பதில் சொல்ல வெடுக்கென்று எழப் பார்த்தாள். கால் எழவில்லை. மறுபடி முயன்றாள். உடம்பு நாற்காலியை விட்டு நகரவில்லை. பிஸ்கட் பையின் அடியில் தங்கிய தூளும், அவர் மிச்சம் வைத்த துணுக்குகளும்தான் இத்தனை வருடமும் அவளுடைய ராச்சாப்பாடு. நீ என்ன சாப்பிடுகிறாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் பார்த்துவிட்டார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கையை எடுத்துட்டு எழுந்திருங்கம்மா," என்று அந்தப் பெண்ணைப் போலவே இழுத்துச் சொன்னார்.

அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து, மூச்சு வாங்க எழுந்து நின்றாள்.

"கை வெச்சு எழுந்தா சேர்த்தி இல்லடி!"

"உங்களுக்குத்தான் சேர்த்தி இல்ல," என்றாள்.

சமையலறைக்குப் போனாள். அவருக்காக அவித்து வைத்திருந்த இரண்டு முட்டைகளை எடுத்து வந்து, வாசலில் இருந்த பையில் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டாள். வாசல் படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கும்போது, உள்ளே குரல் உயரத் தொடங்கியது. டப்பா பீரோவின் உச்சியிலேயே இருந்தது.