குட்டி பார்த்த தலைகள்

அந்தச் சலூன்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் வேறு சொல்ல வேண்டுமா? வருகிறவர் கழுத்தில் துணியைக் கட்டும்போது திறக்கிற வாய், வேலை முடிந்து பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டும்போதுதான் மூடும். அதுவும் மூச்சு வாங்கத்தான்.

அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள், குட்டி. பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறப்பதில்லை. எப்படித் திறப்பாள்? "உன் பேர் என்ன பாப்பா?" என்று யாராவது கேட்டு முடிப்பதற்குள் பேர், வயசு, வகுப்பு எல்லாவற்றையும் அப்பாவே ஒப்பித்துவிட்டு, "பட்டாம்பூச்சின்னா இவளுக்கு உசுருங்க" என்று கொசுறும் போட்டுவிடுவார். எப்போதோ ஒரு நாள் ஜன்னலில் வந்து உட்கார்ந்த பட்டாம்பூச்சியை அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சட்டை, பை, குடை, தலையணை உறை எல்லாவற்றிலும் பட்டாம்பூச்சி. பாவம், குட்டி மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல இடம் கிடைத்தால்தானே!

இப்போது விஷயம் முற்றிவிட்டது. வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை பிள்ளைங்க எல்லாரும் அவங்கவங்களுக்குப் பிடிச்சதைப் பத்திப் பேசப் போறாங்க. குட்டி நாலு வரியாவது பேசணும் சார். இல்லைன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்."

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடப் படித்ததுகள் எல்லாம் மேலே போக, தன் மகள் மட்டும் புதிதாக வரும் வாண்டுகளோடு உட்காருவதா? பட்டாம்பூச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அட்டையில் இறக்கை வெட்டினார். நாலு நாள் விடாமல் சொல்லிக் கொடுத்ததில் குட்டிக்கு வந்ததோ இல்லையோ, அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவிக்கு வெள்ளிக்கிழமை பகல் டியூட்டி. "அங்க போயாவது கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வகுப்பில் பெற்றோருக்கும் பிள்ளைகளின் நாற்காலிதான். முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்தார் ரேடியோ.

"பெரியவங்க யாரும் பேசக் கூடாது. பிள்ளை தயங்கினா மூணே மூணு கேள்வி கேக்கலாம். பதிலைச் சொல்லித் தரக் கூடாது" என்றார் டீச்சர். சொல்லும்போது யாரைப் பார்த்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

குட்டியின் முறை வந்தது. இறக்கையை மாட்டிக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"குட்டி, பட்டாம்பூச்சிக்கு நாலு இறக்கை, ஆறு கால், பூவுல தேன் குடிக்கும், சரிதானே?" என்றார் ரேடியோ.

"இது கேள்வியா சார்?"

"கடைசியில சரிதானேன்னு போட்டேனே டீச்சர்!"

அம்மாக்கள் பக்கம் ஒரே சிரிப்பு. குட்டி தலையை மட்டும் ஆட்டினாள். "உனக்கு மஞ்சள் பட்டாம்பூச்சிதானே ரொம்பப் பிடிக்கும்?" என்றார் அடுத்ததாக. அதற்கும் ஒரு தலையாட்டல்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. ரேடியோ தான் எழுதிய பக்கத்தை மனசுக்குள் புரட்டினார், ஒன்றும் கைகொடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் மகளைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் உச்சந்தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னம்மா பாக்குற?"

வாய் தவறி வந்துவிட்டது. போச்சு, மூன்றாவதும் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இவனுக்கு ரெண்டு சுழி" என்றாள் குட்டி.

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நெறைய பேருக்கு ஒண்ணுதான் இருக்கும். இவனுக்கு ரெண்டு. ஒண்ணு இப்படிச் சுத்துது, இன்னொண்ணு அப்படிச் சுத்துது. அதான் இவன் முடி படியவே மாட்டேங்குது."

பையனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எனக்கு? எனக்குப் பாரு!" என்று மற்றதுகள் எல்லாம் தலையை நீட்டின. குட்டி இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலு வரி வரைக்கும் விரல் மடக்கிய டீச்சர், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு மேல் வகுப்புப் பட்டியலில் அவள் பேரை எழுதினார்.

"அப்பா சொல்லிக் கொடுத்தாரா?"

"இல்ல டீச்சர். கடையில பின்னாடி எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கு. அப்பா பேசிக்கிட்டே இருப்பாரு. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. அந்த ஸ்டூலில் அவள் தூங்கி வழிகிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்! ஊர்ச் சுழியெல்லாம் அவருக்கு அத்துப்படி, பெற்ற பெண்ணைத்தான் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலவும் இருந்தது. முட்டி மாட்டிக்கொண்டதால் எழுந்திருக்க முடியவில்லை.

அதற்குள் குட்டி அவரிடமே வந்துவிட்டாள். "தலையைக் குனிங்கப்பா." சின்ன விரல்கள் முடியை விலக்கின. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஆடாதீங்க" என்றாள். பேச்சு நின்றுவிட்டது.

"அப்பாவுக்கு ஒண்ணு. வலது பக்கமாச் சுத்துது" என்று அறிவித்தாள். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு எப்படின்னு தெரியலப்பா. என் தலையை நானே பாக்க முடியலையே. நீங்க சொல்றீங்களா?"

திரும்பி நின்று தலையைக் குனிந்துகொண்டாள். ரேடியோ இரண்டு கையாலும் அவள் முடியை விலக்கினார். கண்ணில் நீர் கட்டி ஒன்றும் தெரியவில்லை.

"இரும்மா" என்றார். "பாத்துட்டுச் சொல்றேன்."