கிரீடத்தின் குறுக்கே ஒரு கீறல்

சிட்னித் துறைமுகத்துச் சாராயக்கடையில் துணி வெளுக்கும் ஹானோராவைப் பார்த்து ஊரே சிரித்தது. எட்டு வருஷமாக, கப்பல் வந்தால் ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் ஓடுகிறவளைப் பார்த்து வேறென்ன செய்வார்கள்?

அயர்லாந்திலிருந்து கப்பலில் நாடுகடத்தப்பட்ட கைதிகளில் அவளும் ஒருத்தி; அவளுடையது ஆயுள் தண்டனை. ஊரைவிட்டு நகர முடியாது. அவள் புருஷன், செம்பட்டைத் தலை ஃபீலிமுக்குத் தண்டனை முடிந்திருந்தது. அயர்லாந்தில் விட்டுவந்த மகள் உனாவைக் கூட்டிவரக் கிளம்பினான்.

அன்று அவர்களிடம் மிச்சமிருந்தது ஒரு வளையமும் ஒரு சில்லும். ஸ்பெயின்காரனின் வெள்ளிக் காசுதான். கப்பல்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்களே என்று கவர்னர் அதன் நடுவை வெட்டியெடுக்கச் சொல்லி, வளையம் ஒரு காசு, சில்லு ஒரு காசு என்று முத்திரை குத்தவைத்திருந்தார். வளையத்தை ஃபீலிம் அவள் கழுத்தில் கட்டினான். சில்லில் இருந்த கிரீடத்தின் குறுக்கே கத்தியால் ஆழமாகக் கீறித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"இந்த ஊரத் தாண்டினா இத ஒரு பய வாங்க மாட்டான்டி. செலவழிக்கவாவது நான் திரும்பி வந்துதானே ஆகணும்?"

அதையே அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். கடலில் மூழ்கிச் செத்திருப்பான் என்றவர்களோடு மல்லுக்கு நின்றாள். உனாவுக்கு ஒரு கவுன் தைத்து, வருஷாவருஷம் அதைப் பிரித்துப் பெரிதாக்கினாள்.

பிறகு அரசாங்கம் ஈடாக வேறு பணம் தருவதாகச் சொல்லி அந்தக் காசுகளைத் திரும்பக் கேட்டது. கடைக்காரி மிசஸ் டட்டன் பெட்டியைக் கவிழ்த்து, "வளையம் தனி, சில்லு தனின்னு பிரிச்சுப் போடுடி" என்றாள். பாதியில் ஹானோராவின் கை நின்றுவிட்டது. கிரீடத்தின் குறுக்கே அதே கீறல்.

"வந்துட்டாரும்மா! இத யாரு குடுத்தா? எப்போ? கூட ஒரு பொண்ணு இருந்துச்சா?"

"எது? அந்தக் கீறல் விழுந்த சனியனா? அது வருஷக்கணக்கா பெட்டியடியில கெடக்கு. வெட்டுப்பட்ட வெள்ளின்னு ஒருத்தனும் வாங்கல. எவனோ ஒரு செம்பட்டைத் தலையன், கப்பலேறுற அன்னிக்குக் காலையில வந்தான். 'நான் போற ஊர்ல இது செல்லாது, ஊத்து'ன்னான். பக்கத்துல நின்னவனுக்கும் வாங்கிக் குடுத்துட்டு..."

ஹானோராவின் முகத்தைப் பார்த்ததும் மிசஸ் டட்டன் அவளருகே வந்தாள்.

அவன் போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பிள்ளை? அவளைத் தேடி யாருமே போகவில்லையா? அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள்? ஹானோரா தரையில் உட்கார்ந்து நெஞ்சு வெடிக்க அழுதாள்.

"விடுடி. பாவிப்பய" என்றாள் மிசஸ் டட்டன்.

அழுது ஓய்ந்தபின் ஹானோரா கழுத்துக் கயிற்றை அறுத்து, வளையத்தை மற்ற வளையங்களோடு போட்டாள்.

"இதுக்கு என்ன வருமோ குடுங்கம்மா. கவுனுக்கு இன்னும் கொஞ்சம் துணி வாங்கணும். இப்ப என் உசரம் வளந்திருப்பா."