ஐந்து மணி முதல் ஏழு மணி வரை

பிப்ரவரி பதினெட்டு, பத்தொன்பது, இருபது ஆகிய மூன்று நாட்களிலும், பழைய நீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் நகராட்சி நிலத்தில் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை விளையாட வந்த இளையோரின் எண்ணிக்கை பூஜ்யம். இளையோருக்கான திறந்தவெளி விளையாட்டுத் திட்ட அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் இது இருந்தது. கீழே சர்வேயரின் கையெழுத்து இருந்தது.

சர்வேயர் அந்த மூன்று நாட்களும் நிலத்துக்குப் போகாமல் இல்லை. காலை பத்தரைக்குப் போனார், மூன்று மணிக்கும் போனார். சுவர் நிழலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை. மாலைக்குத்தான் சிக்கல். அலுவலக ஜீப் ஐந்து மணிக்குள் ஷெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. நாலரை ஆனால் டிரைவர் சாவியை விரலில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்.

"அஞ்சுக்கு மேல நின்னா லாக் புக்ல நான் என்னத்த எழுதறது சார்? உங்களுக்கு ஒண்ணும் இல்ல, என் தலைதான் உருளும்."

"பஸ்ல வந்துகூட எண்ணலாம்."

"தாராளமா வாங்க. யாரு வேணாம்னா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் மேகமாக இருந்தது. இரண்டாம் நாள் முதுகு வலித்தது. மூன்றாம் நாள் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் கணக்கைக் கணினியில் ஏற்றியபோது மாலைக்கான மூன்று கட்டங்களும் காலியாக நின்றன. காலிக் கட்டத்தோடு அடுத்த பக்கத்துக்குக் கணினி விடாது; சிவப்பு எழுத்தில் முறைக்கும். அதற்கு அந்த அலுவலகத்தில் எல்லோரும் கையாளும் வழி ஒன்று உண்டு. இப்போதைக்குப் பூஜ்யத்தைப் போட்டு உள்ளே போய்விட வேண்டியது, பிறகு சரிசெய்துகொள்ள வேண்டியது. தெருவிளக்குக் கணக்கும் குப்பைத்தொட்டிக் கணக்கும் வருடக்கணக்காக அப்படித்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தன. சர்வேயரும் மூன்று பூஜ்யங்களைப் போட்டார். பிறகு சரிசெய்ய நேரம் வரவில்லை.

திட்ட அலுவலருக்கு அலுவலகத்தில் வேகத்தடை என்று பெயர். எந்தக் கோப்பும் அவர் மேஜையில் ஏறி இறங்காமல் போகாது. இந்தக் கோப்பு மட்டும் இரண்டே நாளில் நகர்ந்தது. கடைத்தெருவுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று வியாபாரிகள் ஒரு வருடமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெளிவான கணக்குய்யா. காலைல நாலு, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் சைபர். இந்தக் காலத்துப் பசங்க போனை விட்டு எங்க வெளிய வரப்போறாங்க? அந்த இடத்தை வண்டிக்கு விட்டுட்டு, பசங்களுக்கு நூலகத்துக்குப் பக்கத்துல நாலு உடற்பயிற்சிக் கம்பி நட்டுடலாம்."

சர்வேயர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டீயைக் குடித்தார்.

அறிக்கை நகராட்சி வாசலில் ஒட்டப்பட்டது. மார்ச் பன்னிரண்டாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அதிலேயே போட்டிருந்தது.

பதினோராம் தேதி மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் கேட்டாள். பத்தாம் வகுப்பு படிக்கிறவள்.

"அப்பா, ஒரு இடத்துக்கு எத்தன பேர் வர்றாங்கன்னு நீங்க கணக்கு எடுப்பீங்கள்ல, அதுக்கு நேர்ல போவீங்களா?"

"பின்ன? உக்காந்த இடத்துலேர்ந்தா எண்ண முடியும்?"

"சாயங்காலமும் போவீங்களா?"

"எல்லா நேரமும் போகணும்மா. அதானே வேலை."

"சரிப்பா," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்தாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. அவள் கால்பந்து ஆடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். பள்ளியில் ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கூட்ட அறையில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பதினைந்துக்கு மேல் நிரம்பாது என்பது அனுபவம். பதினொரு மணிக்குப் பள்ளிச் சீருடையில் ஒன்பது பெண்கள் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். அதில் மகளும் இருந்தாள். தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து சர்வேயர் கையைப் பாதி தூக்கிவிட்டார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். தூக்கிய கையால் அவர் தலையைக் கோதிக்கொண்டார்.

அந்தப் பெண்களின் கேப்டன், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தாள்.

"நாங்க தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கறோங்க. லேட்டா வந்தா ரெண்டு ரவுண்டு ஓடணும், அதனால யாரு எத்தன மணிக்கு வந்தாங்கன்னு எழுதி வெப்போம். பதினெட்டாம் தேதி இருபத்தாறு பேர். பத்தொன்பது முப்பத்தொண்ணு. இருபதாம் தேதி இருபத்தெட்டு. உங்க பேப்பர்ல ஒருத்தர்கூட இல்லேன்னு போட்டிருக்கு."

"அது நீங்களே எழுதிக்கிட்ட நோட்டும்மா. இது ஆபீஸ் கணக்கு," என்றார் திட்ட அலுவலர்.

நகராட்சித் தலைவி சர்வேயர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எண்ணினீங்க? என்ன சொல்றீங்க?"

சர்வேயர் எழுந்தார். சாயங்காலம் நான் போகலைங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் மூன்றாம் வரிசையில் ஒருத்திக்கு விளையாட இடம் இருக்கும். திட்ட அலுவலர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல இருக்கறதுதாங்க," என்றார்.

அப்போது மகள் எழுந்தாள்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்."

பதினைந்து வருடத்தில் அவள் அவரை அப்படி அழைத்ததில்லை.

"பத்தொன்பதாம் தேதி ஆறு மணிக்கு நீங்க எந்தப் பக்கம் நின்னு எண்ணினீங்க சார்? அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன், இடது ஓரத்துல. உங்களப் பாக்கல. அதான் கேக்கறேன்."

குரல் நடுங்கவில்லை. அவள் அவருடைய மகள் என்று அந்த அறையில் தெரிந்தவர், கதவோரம் நின்ற டிரைவர் ஒருவர்தான். அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அது... ரோட்டுப் பக்கமா நின்னு..."

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்க இவ்வளவு ஆர்வமா வந்தது சந்தோஷம்," என்றார் தலைவி. "ஆனா நேர்ல நின்னு எண்ணினவரே சொல்லும்போது நான் எப்படி இல்லேன்னு சொல்றது?" தீர்மானம் நிறைவேறியது.

சர்வேயர் படிக்கட்டின் மேல் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தபோது கீழே பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தாளு புளுகறான்னு நல்லாத் தெரியுது. அவனுக்குப் போய் என்னடி அவ்வளவு மரியாதை? சாராம், சாரு," என்றாள் நெட்டை.

"பெரியவங்கள அப்படிப் பேசாத. வா போலாம்," என்றது மகளின் குரல்.

அன்று ஐந்து மணிக்கு அவர் பஸ் பிடித்துத் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். எண்ணினார். இருபத்தொன்பது பேர். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை எண்ணினார். இருபத்தொன்பதுதான். இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்தாள், ஓட்டத்தை நிறுத்தவில்லை. வெளியே உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், "யாரத் தேடறீங்க அங்கிள்?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பேப்பர்ல உங்க கையெழுத்தப் பாத்துட்டு நேத்தே எங்கிட்ட வந்து சொன்னா. நாளைக்கு மீட்டிங்ல கேட்டா அப்பா உண்மையச் சொல்லிடுவாரும்மா, நீ ஒண்ணும் சொல்லிக்காதன்னா. நானும் சொல்லல."



மறுநாள் காலை முதல் வேலையாகக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். மாலை நேரக் கணக்கு எடுக்கப்படவில்லை. பூஜ்யம் என்று பதிந்ததும், கூட்டத்தில் அதை உறுதி செய்ததும் என் தவறு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, திட்ட அலுவலரிடம் கொண்டுபோனார். அவர் இரண்டு முறை படித்தார்.

"உமக்கென்ன புத்தி பிசகிடுச்சா? யாரும் கேக்கல, யாரும் பாக்கல. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறீரே."

"பாத்தாங்க சார்."

"யாரு?"

சர்வேயர் கோப்பைக் கட்டி அவர் பக்கம் நகர்த்தினார்.

"தீர்மானம் மேல போயாச்சுய்யா."

"இதையும் மேல அனுப்புங்க சார்."

கோப்பு வேகத்தடையில் பதினாறு நாள் நின்றது. ஏப்ரலில் வேறொருவர் மூன்று மாலைகள் போய் எண்ணினார்; நாளுக்கு முப்பது பேருக்குக் குறையவில்லை. அதற்குள் ஒப்பந்தக்காரர் வடக்குப் பக்கத்தில் ஜல்லி கொட்டி உருட்டிவிட்டிருந்தார். நகராட்சி மன்றம் தீர்மானத்தைத் திருத்தியது. வடக்குப் பாதி வண்டிகளுக்கு, தெற்குப் பாதி விளையாட்டுக்கு. சர்வேயருக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது, பதிவறைக்கு மாற்றினார்கள். வீட்டில் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ப்பா," என்றாள்.

பாதி நிலத்தில் பதினொரு பேர் ஆட முடியாது. மே மாதம் அணியை ஐந்து பேராகக் குறைத்தார்கள். அந்த ஐந்து பேரில் சர்வேயரின் மகள் இல்லை.