மூணு புருஷன் கட்டிய லவீனியா

பேரன் கவின் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டப் போகிறேன் என்று வந்து நின்றபோது கிட்டுசாமி முடியாது என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற காலமா? "நாலு தலைமுறை விசாரிக்காம நம்மூட்டுல சம்பந்தம் பேசறதில்ல" என்றார், அவ்வளவுதான். காங்கயம் பக்கமாக இருந்தால் பெண்ணுடைய ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலே சமாச்சாரம் வந்து விழும். இந்த அமெரிக்காவில், டெக்சஸ் ரிச்சர்ட்சனில் யாரைப் போய்க் கேட்பது? எவனும் கார்க் கண்ணாடியைக்கூட இறக்க மாட்டான். கல்யாணம் நின்ற மாதிரிதான் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தப் பெண் கேத்லின் அடுத்த மாசமே ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். நாலு கேட்டால் ஆறு தலைமுறை.

"அப்பாரு, இது லவீனியா, கேத்லினோட ஆறாந்தலைமுறைப் பாட்டி. டெக்சஸ் காடா கெடந்தப்ப மாட்டு வண்டில வந்தவங்க. எல்லாம் கவர்மென்ட் ரெக்கார்ட்" என்றான் கவின்.

"கவர்மென்ட் எழுதுனா நெசமா? என்ற ரேசன் கார்டுல பொறந்த வருசமே தப்பு."

"மூணு கல்யாணம் பண்ணிருக்காங்க."

கிட்டுசாமிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "பவளம், கேட்டுக்க!" என்று சமையல்கட்டில் இருந்த மனைவியைப் பார்த்துக் கத்தினார். "இந்த வம்சத்துலதான் உம்பேரன் பொண்ணெடுக்கறானாமா!"

கேத்லின் பதக்கம் வாங்கினவள் மாதிரிச் சிரித்தாள். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் கவின் தமிழில் சொன்னான். முதல் இரண்டு புருஷன்களும் காய்ச்சலில் செத்தார்களாம். மூன்றாமவனை லவீனியாவே துரத்திவிட்டாளாம்.

"எதுக்காமா?"

"அவங்க பிள்ளை பெத்துப் படுத்திருந்தப்ப, அவங்க ஏர்மாட்டு ஜோடிய வித்துச் சீட்டாடிட்டானாம். கோர்ட்ல கேஸ் போட்டாங்க."

கிட்டுசாமி நிமிர்ந்தார். "உழவு மாட்டயா? கேக்காமயா?"

"கேக்காமதான்."

"எச்சக்கலை நாயி! வெறுமனே தொரத்துனதோட வுட்டாளா? அடுத்த மழைக்கு என்னத்த வெச்சு உழுதாளாமா? அதக் கேளு மொதல்ல."

அடுத்த வருஷ வரிப் பதிவில் அவள் பேரில் மாடு இரண்டு இருக்கிறதாம். தன் மாடே தொழுவத்துக்குத் திரும்பின மாதிரிக் கிட்டுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பவளம் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அப்ப நல்ல குடும்பந்தானுங்க?"

எந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அந்தப் பொம்பள நல்லவதான்" என்றார் கடுப்பாக. "அதுக்காகத் தேதி குறிச்சராதீங்க. காகிதத்த இங்கயே வெச்சுட்டுப் போகச் சொல்லு. வரிவரியாப் படிச்சுட்டுத்தான் சொல்லுவேன்."

அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். முதல் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் முகம் சுளிப்பதற்குள், பவளம் ஃப்ரிட்ஜில் இருந்த மல்லிகையை எடுத்துக் கேத்லின் தலையில் வைத்துவிட்டாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.